வளர்ப்பு சரியில்லையாம்!

டெல்லியில் பிள்ளை வளர்க்கிறவளுக்கு அறிவுரை சொல்ல ஆள் பஞ்சமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள், லிஃப்டில் சொல்கிறார்கள், திருச்சியிலிருந்து வீடியோ காலில் சொல்கிறார்கள். "என்னடி, புள்ளைய எப்பப் பாத்தாலும் வீட்டுக்குள்ளயே பூட்டி வெச்சிருக்கே? கீழ போய் நாலு புள்ளைங்களோட வெளையாட விடு. இல்லாட்டி போனைத்தான் நோண்டிட்டு இருப்பான்" என்கிறாள் சித்தி. அன்றைக்கு எங்கள் பக்கம் காற்றுத் தரக் குறியீடு (ஏக்யூஐ) 410. இதைச் சித்திக்கு எப்படிப் புரியவைப்பது? அங்கே மொட்டை மாடியில் வடாம் காய்ந்துகொண்டிருக்கிறது. இங்கே துணி காயப்போடவே யோசிக்க வேண்டியிருக்கிறது.

அக்டோபரில் பெற்றோர் கூட்டம். மனநல ஆலோசகர் ஒருவர் திரையில் படம் போட்டுக் காட்டினார். பிள்ளைக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போன், டிவி கூடாது. தினமும் வெளியே ஓடி ஆட வேண்டும். வீட்டில் அமைதியான சூழல் வேண்டும். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். நவம்பரில் காற்று மாசு ஏறியதும், ராத்திரி பத்து மணிக்கு அதே பள்ளியிலிருந்து வாட்ஸப்: நாளை முதல் வகுப்புகள் ஆன்லைனில், காலை எட்டு மணிக்கெல்லாம் குழந்தை திரை முன்னால் இருக்க வேண்டும். ஒரு மணி நேரமா? நாலு மணி நேரம்.

சில சமயம் 'ஹைப்ரிட்' என்று வரும். அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் விருப்பம் என்று அர்த்தம். அதாவது, அரசாங்கம் எடுக்க வேண்டிய முடிவை அம்மா தலையில் கட்டிவிடுவது. அனுப்பினால், "இந்தக் காத்துல அனுப்பறியா, நீயெல்லாம் ஒரு தாயா?" அனுப்பாவிட்டால், "ரொம்பப் பொத்திப் பொத்தி வளர்க்கறே."

என் பையனுக்கு எட்டு வயது. இருமல் தொடங்கினால் ராத்திரி நெபுலைசர். லெவோலின், புடெகார்ட் மருந்துகளைக் குப்பியில் ஊற்றி, மாஸ்கை மூக்கோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். மெஷின் டர்ரென்று சத்தம் போடும். பத்து நிமிஷம் அவன் அசையாமல் இருக்க வேண்டுமே! அதற்காக அவன் கையில் போனில் கார்ட்டூன் போட்டுக் கொடுப்பேன். இந்த வீட்டில் போன் நுழைந்தது அந்த வழியாகத்தான். ஆலோசகரின் படத்தில் இது இல்லை.

காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றுதான் வாங்க முடிந்தது. அதற்கே 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக, குளிர்காலம் முழுக்க மாமியார் உட்பட நாலு பேரும் ஒரே அறையில், கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு. மாமியாருக்கு சீரியல், கணவருக்கு ஆபீஸ் மீட்டிங், பையனுக்கு ஆன்லைன் கணக்கு, எனக்குத் தலைவலி. அமைதியான சூழல்!

உலக சுகாதார நிறுவனம் பிஎம் 2.5 நுண்துகளுக்கு வைத்திருக்கும் ஆண்டுச் சராசரி அளவு ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் நாடு தனக்குத் தானே தாராளமாக 40 என்று வைத்துக்கொண்டது. டெல்லியின் சராசரி அந்த 40-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வளர்கிற நுரையீரல் வேகமாக மூச்சு வாங்கும், உடல் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கும் என்பது மருத்துவம் படிக்காதவர்களுக்கும் தெரிந்த விஷயம். 2015-லேயே, மூன்று டெல்லிக் கைக்குழந்தைகளின் பெயரில் பட்டாசை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். பத்து வருஷம் கழித்து, 2025 தீபாவளிக்குப் பசுமைப் பட்டாசு வெடிக்க அதே நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. (பட்டாசு நம்ம சிவகாசிச் சரக்கு என்பதால் இந்த விஷயத்தில் என் குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் வரும்.)

குழந்தையின் வளர்ச்சிக்குக் காரணம் குடும்பமா சூழலா என்று பட்டிமன்றம் வைத்தால், நடுவர் கடைசியில் 'இரண்டும்தான்' என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விடுவார். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த ஊரில் சூழல் முதலில் குடும்பத்தின் நேரத்தையும் பொறுமையையும் தின்றுவிட்டு, அப்புறம்தான் பிள்ளையிடம் வருகிறது. மிச்சமிருப்பதற்குப் பெயர் 'வளர்ப்பு'. அதற்குப் பொறுப்பாளி அம்மா.

என் பாடாவது பரவாயில்லை. எனக்கு ஓர் அறையும் ஒரு சுத்திகரிப்பானும் இருக்கின்றன. 2024 நவம்பரில் ஏக்யூஐ 490-ஐத் தாண்டிப் பள்ளிகளை மூடியபோது, உச்ச நீதிமன்றமே ஒன்றைச் சொன்னது: பள்ளி மூடினால் ஏராளமான பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போகிறது, ஆன்லைனில் படிக்க வசதி இல்லை, வீட்டில் சுத்திகரிப்பானும் இல்லை, அதனால் வீட்டில் இருப்பதற்கும் பள்ளிக்குப் போவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு நீதிமன்றம் சொல்லித்தான் இது தெரிய வேண்டுமா?

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா மதராஸி கேம்ப்பில் இருந்தவர். ஜங்புராவில், பாரபுல்லா நாலா (வடிகால்) ஓரமாக, ஐம்பது வருஷத்துக்கும் மேலாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த இடம். நாலா குறுகிப்போய் மழைத் தண்ணீர் தேங்குகிறது என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட, 2025 ஜூன் 1-ஆம் தேதி புல்டோசர் வந்தது. சுமார் 370 வீடுகள். அதில் பாதியைச் சற்றே தாண்டிய குடும்பங்களுக்குத்தான் மாற்று வீடு, அதுவும் நாற்பது கிலோமீட்டர் தள்ளி நரேலாவில். மற்றவர்கள் சுற்றுவட்டாரத்தில் வாடகைக்கு அலைந்தார்கள். ஊருக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு சொன்னது. "ஊர்ல என்னம்மா இருக்கு, நான் பொறந்ததே இங்கதானே" என்றார் அக்கா.

அவருக்கு நரேலாவில் வீடு கிடைத்தது. கிடைத்தவர்களை அதிர்ஷ்டசாலிகள் என்றுதான் சொன்னார்கள். கேம்ப்பில் இருந்தபோது பையன் தமிழ் சொல்லித்தரும் பள்ளிக்கூடத்தில் படித்தான். அம்மா ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால், எதிர்வீட்டு ஆயா எழுப்பிவிடுவார், பக்கத்து வீட்டில் டீ கிடைக்கும், சேட்டை செய்தால் மூன்றாவது வீட்டுப் பெரியப்பா காதைத் திருகுவார். வேலைக்கு நடுவே அம்மாவே ஓர் எட்டு வந்து பார்த்துவிட்டுப் போவார். நடந்தால் பத்து நிமிஷ தூரம்தானே. நரேலாவில் சுவரும் கூரையும் இருக்கின்றன. ஆயாவும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. வேலையெல்லாம் இந்தப் பக்கம்தான் என்பதால் அக்கா விடியுமுன் பஸ் ஏறுகிறார், ராத்திரி ஒன்பதரைக்குப் போய்ச் சேருகிறார். "நான் கெளம்பறப்பவும் தூங்கறான், வர்றப்பவும் தூங்கறான்மா." டெல்லியின் பல அரசுப் பள்ளிகளைப் போலவே, அங்கே பையன்களுக்கு மத்தியான ஷிஃப்ட். காலை முழுக்க அவன் தெருவில் நிற்கிறான்.

போன மாதம் அவனுடைய நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். அவருக்கு ஹிந்தி சரளமாகப் பேச வரும், படிக்க வராது. சிவப்பு மையில் டீச்சர் எழுதியிருந்தார்: 'கர் பர் தியான் தேன்'. வீட்டில் கவனிக்கவும். படித்துச் சொன்னேன். அக்கா ஒன்றும் பேசாமல் நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனார். எனக்குத்தான் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. எந்த நேரத்தில் கவனிப்பார்? பஸ்ஸிலா?

இத்தனைக்கும் டெல்லி அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி கற்பிக்கத் தனிப் பாடத்திட்டமே கொண்டுவந்தார்கள். 2018 ஜூலையில் தலாய் லாமா வந்து தொடங்கிவைத்தார். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நவம்பரில் மூச்சைக் கவனித்தால் மகிழ்ச்சியா வரும்?

வேலைக்குப் போகும் அம்மாக்களின் குழந்தைகளுக்கு மத்திய அரசின் 'பால்னா' காப்பகத் திட்டம் இருக்கிறது, ஆறு வயது வரை. ஏழு வயதில் பிள்ளை தானே வளர்ந்துகொள்ளும் என்று நினைத்தார்கள் போல.

நரேலாவில் டெல்லி வளர்ச்சி ஆணையம் (டிடிஏ) கட்டி, வாங்க ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் ஃப்ளாட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அதில் ஒன்றே ஒன்றைத் திறந்து விடுங்கள். காலை ஏழு மணியிலிருந்து பள்ளிக்குப் போகும்வரை பிள்ளைகள் உட்கார ஒரு பாய், சாப்பிட ஏதாவது, தமிழும் கணக்கும் சொல்லித்தர ஒரு ஆள் போதும். டெல்லியில் தமிழுக்கு மேடை போடும் பெரியவர்களே, ஒரு விழாவின் மாலைச் செலவு இதற்கு ஒரு வருஷத்துக்குக் காணும். அதுவரை தயவு செய்து அக்காவின் வளர்ப்பைப் பற்றி யாரும் வாயைத் திறக்காதீர்கள்.