ஏழாம் வகுப்பு எங்கே?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் மேல்மலையனூர்ப் பக்கத்துப் பெற்றோர் மகளின் ஏழாம் வகுப்பு ரேங்க் கார்டைத் தேடுவதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாள் என்பதற்கான சான்றிதழுக்குத்தான் அலைகிறார்கள். 2020-இல் மருத்துவத்துக்கும் மறு ஆண்டே பொறியியலுக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அதுதான் ஆதாரம். கல்லூரி செல்லும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் பெரும்பாலும் அதைத்தான் பார்க்கிறார்கள். நடுநிலையில் எடுத்த மார்க்கை எந்தக் கல்லூரியும் கேட்காது, படித்த இடத்தைக் கேட்கும். ஆசைப்பட்டு ஓராண்டு மட்டும் தனியாரில் சேர்த்து, ஃபீஸ் கட்ட முடியாமல் திரும்ப அழைத்துவந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த ஒதுக்கீடு இல்லை. பன்னிரண்டு வயதில் அப்பா எடுத்த முடிவுக்குப் பதினேழு வயதில் பிள்ளைக்குத் தண்டனையா? கொஞ்சம் அதிகம்தான். ஆறாம் வகுப்புச் சேர்க்கையின்போதே தலைமையாசிரியர்கள் இதைச் சொல்லிவிட வேண்டும்.