பர்சு அடித்தால் துடைப்பம்... செல்போன் அடித்தால் ஜெயிலா?

வேங்கிக்கால்,
பவுர்ணமி கிரிவலம். 14 கிலோ மீட்டர் பாதை முழுக்க ஜனக்கூட்டம். வேங்கிக்கால் வழியாக பஸ்சில் வந்து இறங்கிய பக்தரின் பர்சை 20 வயது வாலிபர் "அபேஸ்" செய்து, கையும் களவுமாக சிக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜெயில் களிதானா?

கட்டாயமில்லை!

2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் சமூக சேவையும் ஒரு தண்டனை. முதல் குற்றம், திருடியது 5 ஆயிரம் ரூபாய்க்குள், பொருளையும் திருப்பிக் கொடுத்தாச்சு என்றால், கூலியில்லா பொதுவேலைதான்.

இங்கேதான் சிக்கல்! பர்சில் 500 ரூபாய் இருக்கும். செல்போன்? பெரும்பாலும் 5 ஆயிரத்தைத் தாண்டும். அந்தக் கதவு அடைப்பு! அதே பையன், அதே கை. சிக்கிய பொருள்தான் வேறு.

ஆனாலும் 1958-ம் ஆண்டு நன்னடத்தை சட்டம் இருக்கிறது. 21 வயதுக்குட்பட்டவரை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் தவிர மற்றவற்றில், காரணம் எழுதாமல் கோர்ட்டு ஜெயிலுக்கு அனுப்பக்கூடாது. நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையையும் கேட்டே ஆகணும்.

"திருடனை விட்டுட்டாங்களே" என்று பறிகொடுத்தவர் கொதிப்பார். நியாயம்தான். ஆனால் சின்னத் திருடன் உள்ளே போய், பெரிய திருடனிடம் தொழில் கத்துக்கிட்டு வந்தால்...

அடுத்த பவுர்ணமிக்கு யார் பர்சு?