வாங்கிய விலையைச் சொல்லுங்கள்

விடுமுறை விடுதியொன்றில் ஆண்டுதோறும் தங்கும் உரிமையைப் பங்காக விற்பதை அமெரிக்காவில் 'டைம்ஷெயார்' என்பர். 1991இல் புளோரிடாவில் ஆரம்பமான டிஸ்னி விடுமுறைக் கழகம் அதனைப் புள்ளிக் கணக்கில் விற்கிறது. பழைய உரிமையாளரிடமிருந்து மறுவிற்பனையில் வாங்குவோர், எத்தனை புள்ளி, புள்ளிக்கு எத்தனை டொலர் என்பதை ஏனைய உரிமையாளர்களுக்கு அறிவிக்கின்றனர். இதனைத் தம்பட்டம் என்று தள்ளிவிட முடியாது.

மறுவிற்பனையில் பேசிமுடித்த அதே விலைக்குப் பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை டிஸ்னிக்கு உண்டு. எந்த விலையில் விட்டுக்கொடுத்தது, எந்த விலையில் இடைமறித்து வாங்கியது என்பதை அந்நிறுவனம் அறியும். தனியொரு வாங்குநர் அறியார். பலரும் தத்தம் விலையைச் சொல்லும்போதுதான் அவ்வறிவு பொதுச்சொத்தாகிறது.

எனினும், விலை மட்டும் முழுச் செய்தியாகாது. ஆண்டுதோறும் கட்டவேண்டிய பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு? ஒப்பந்தம் எந்த ஆண்டில் முடிகிறது? பழைய விடுதிகளின் பங்கை 2019 ஜனவரி 19 முதல் மறுவிற்பனையில் வாங்கியோர், அப்புள்ளிகளைக் கொண்டு ரிவியேரா விடுதியில் தங்க முடியாது. இவற்றையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மலிவைக் காட்டிப் பாரத்தை மறைப்பது விற்பவரின் வழக்கம். வாங்கியவருக்கு அது வேண்டாம்.