அருந்ததியைப் பார்க்க ஒரு பிரயாணம்

போன மாதம் உறவில் ஒரு கல்யாணம். காலை ஒன்பதரை மணி முகூர்த்தம். அம்மி மிதித்தானதும் புரோகிதர் மணப்பெண்ணை வாசலுக்கு அழைத்து வந்து, பந்தலுக்கு மேலே கையைக் காட்டி, "அருந்ததி தெரிகிறதா?" என்றார். பெண்ணும் சமர்த்தாகத் தலையை ஆட்டினாள். எல்லோரும் சிரித்தோம், என் மாமியாரைத் தவிர.

வீடு திரும்பியதும் அவர் சொன்னார்: "1979-இல் எனக்கும் இப்படித்தான் காட்டினார்கள். பந்தல் துணிதான் தெரிந்தது. 'தெரிகிறது' என்று பொய் சொன்னேன். நிஜ அருந்ததியை இன்னும் பார்க்கவில்லை." அவருக்கு அறுபத்தாறு வயது. ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. மற்றதற்கு வைத்தியர் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்று ராத்திரியே மொட்டை மாடிக்கு ஏறினோம். தெருவிளக்கும், எதிர்க் கடையின் விளம்பரப் பலகையும், அடுக்கு மாடி வெளிச்சமும் சேர்ந்து வானமே வெந்நீர்த் தவலையின் அடிப்பாகம் மாதிரி சிவந்து கிடந்தது. எண்ணிப் பதினோரு நட்சத்திரம். அருந்ததி மங்கலான நட்சத்திரம்; நகரத்து வெளிச்சத்தில் அது கரைந்து போய்விடுகிறது.

ஆகவே, இருட்டைத் தேடிப் போவது என்று முடிவாயிற்று.

காவலூருக்குப் போகலாமே என்றார் என் கணவர். ஜவ்வாது மலையில் இருக்கும் அந்த வானாய்வுக் கூடம் நமக்கெல்லாம் பெருமை தருவது. 1988-இல் அங்கிருந்து கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆனால் அது விஞ்ஞானிகள் வேலை செய்யும் இடம். நாம் கூடாரம் அடித்துப் படுக்கிற இடமல்ல. கடைசியில் மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிக் காப்பகத்தைத் தேர்ந்தெடுத்தோம். 2024 ஜனவரியில் இந்தியாவின் முதல் இருள்வானப் பூங்காவாக அதற்குச் சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. அதற்காக அவர்கள் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சுற்றியுள்ள கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட விளக்குகளை, ஒளி தரையில் மட்டும் விழும்படி மாற்றியிருக்கிறார்கள். விளக்குகளுக்குத் தலைகுனியக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! சென்ட்ரலில் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் பிற்பகல் நாகபுரி. அப்புறம் மோட்டாரில் இரண்டு மணி நேரம் போல. மௌக்லியின் காடு பக்கத்தில்தான் என்றதும் என் மகன் அப்போதே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டான்.

எந்த நாளில் போவது? இங்கேதான் பஞ்சாங்கம் வேண்டியிருந்தது. நிலா இருந்தால் நட்சத்திரம் எடுபடாது. அமாவாசைதான் உத்தமம். ஆனால் அமாவாசையன்று என் கணவர் தர்ப்பணத்துக்கு வீட்டில் இருந்தாக வேண்டும். "அப்பாவை விட்டுவிட்டு அருந்ததியா?" என்று மாமியாரே கேட்டுவிட்டார். யோசித்து, மாசி மாதத் தேய்பிறையில் ஏகாதசி, துவாதசி இரண்டு இரவுகளைப் பிடித்தோம். அந்நாட்களில் நிலா எழவே பின்னிரவு மூன்று மணியாகிவிடும். அதுவரை வானம் முழுக்க நமக்கே. சிவராத்திரிக்குள் வீடு திரும்பிவிடலாம். ஏகாதசியன்று எப்படியும் மாமியாருக்கு உபவாசம். சமையல் கவலை ஒன்று குறைந்தது!

மாசியில் இன்னொரு சௌகரியம். பொழுது சாய்ந்ததும் மேற்கே கார்த்திகைக் கூட்டம், உச்சிக்கருகில் செவ்வொளியோடு திருவாதிரை, தெற்கே தாழ்வாக அகஸ்தியர். பத்து மணிக்கு வடகிழக்கில் சப்தரிஷிகள் நன்றாக மேலே வந்துவிடுவார்கள். பட்டத்துக்கு வால் போல மூன்று நட்சத்திரங்கள். நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவர் தோளை ஒட்டினாற்போல் ஒரு சிறு புள்ளி, அதுதான் அருந்ததி. அதன் ஒளி நம்மிடம் வந்து சேரச் சுமார் 80 வருஷம் ஆகிறது. மாமியார் பார்க்கப்போகும் ஒளி அவர் பிறப்பதற்கு முன்பே புறப்பட்டுவிட்டது!

புலிக் காட்டில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. அனுமதியுள்ள இடத்தில்தான் தங்க வேண்டும். இருட்டிய பிறகு தனியே நடக்கக் கூடாது. கழிப்பறை கூடாரத்திலிருந்து எத்தனை அடி என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். வயதானவர்களோடு போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஏனோ ஆண்கள் கேட்பதே இல்லை. தின்பண்டங்களைக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது, குரங்குகள் வந்துவிடும். கம்பளி, குல்லா, மல்லாந்து படுக்க ஒரு கனத்த ஜமுக்காளம் இவை கட்டாயம். நின்றபடி அண்ணாந்து பார்த்தால் பத்து நிமிஷத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். தொலைநோக்கி வாங்க வேண்டாம், ஒரு 10×50 பைனாகுலர் போதும்.

கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் வேண்டும். நடுவில் ஒரு தடவை செல்போனைத் திறந்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்துதான். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றிவிட்டால் கண் அவ்வளவாகக் கெடாது. மங்கிய நட்சத்திரத்தை நேரே முறைக்காமல் சற்று ஓரமாகப் பார்க்க வேண்டும், நாத்தனாரின் புதுச் சேலையைப் பார்க்கிற மாதிரி.

இதையெல்லாம் படித்துச் சொன்னபோது மாமியார் குறுக்கிட்டார். "அங்கே போயும் என் கண்ணுக்குத் தெரியாவிட்டால்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. என் கணவர்தான், "தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லு அம்மா. இந்தத் தடவை பொய் சொல்ல வேண்டாம்" என்றார்.

டிக்கெட் வாங்கியாயிற்று. மாமியார் இப்போது தினமும் ராத்திரி எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்லிவிட்டு, பால்கனியில் அரை மணி நேரம் உட்கார்ந்து கண்ணைப் பழக்குகிறார். நேற்று எதிர்வீட்டு அம்மாள் வந்து, "உங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் இல்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனாள்.