தொட்டுவிட்டுப் போனது

மொழிபெயர்ப்பாளனைக் கடினமான சொற்கள் கவிழ்ப்பதில்லை. தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்டிவிடுவான். ஆபத்தெல்லாம் தெரிந்த சொற்களில்தான். இதை நான் கற்றது செய்திப் பிரிவில் அல்ல, தில்லி மருத்துவமனை ஒன்றின் வராந்தாவில்.

2003ஆம் ஆண்டு. தமிழில் முதுகலை முடித்து, மொழிபெயர்ப்பு வேலைக்காகத் தில்லிக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தேன். ஒருநாள் அதிகாலையில் அவருக்கு நெஞ்சு வலி. மருத்துவமனையில் சேர்த்தோம். மதியம் டாக்டர் வெளியே வந்தார். பஞ்சாபிக்காரர், அவசரத்தில் இருந்தார். ‘டச் அண்ட் கோ’ என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சித்தி என் முகத்தைப் பார்த்தார். “என்னப்பா சொல்றார்?”

டச் என்றால் தொடுவது. கோ என்றால் போவது. எல்.கே.ஜி. குழந்தைக்கும் தெரிந்த சொற்கள். “லேசாத் தொட்டுட்டுப் போயிருக்காம் சித்தி. பயமில்லை” என்றேன். காரக்பூரில் படித்துக்கொண்டிருந்த தம்பிக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினோம். “நாளைக்குப் பரீட்சையை எழுதிட்டே கிளம்பு” என்றார் சித்தி. அவன் எழுதிவிட்டுத்தான் கிளம்பினான். வந்து சேர்ந்தபோது அப்பா இல்லை.

பிழைப்பாரா, மாட்டாரா என்று சொல்ல முடியாமல் உயிர் ஊசலாடும் நிலையைத்தான் டாக்டர் சொல்லியிருந்தார். ஆழமற்ற நீரில் கப்பலின் அடிப்பாகம் தரையைத் தொட்டும், சிக்கிக்கொள்ளாமல் நகர்ந்துவிடுவதிலிருந்து வந்த தொடர் என்று ஒரு விளக்கம் உண்டு. தரை தட்டியிருந்தால் கப்பல் அவ்வளவுதான். இந்த விளக்கமெல்லாம் எனக்குக் கிடைத்தது அடுத்த வாரம், அகராதியில்.

அன்றிலிருந்து இத்தகைய தொடர்களைச் சேகரித்து வருகிறேன். மரபுத்தொடர் என்பதன் இலக்கணமே, சொற்களைத் தனித்தனியாகக் கூட்டினால் பொருள் வராது என்பதுதான். இதில் ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. ‘அவர் எனக்கு அல்வா கொடுத்துவிட்டார்’ என்பதை ஒரு வங்காளி நண்பர் எப்படிப் புரிந்துகொள்வார்? இனிப்பு நன்றாக இருந்ததா என்று கேட்பார்.

செய்திப் பிரிவில் அடிக்கடி எதிர்ப்படுவது ‘டர்ன் டர்ட்டில்’. விபத்துச் செய்திகளில் இந்திய ஆங்கில நிருபர்களுக்கு மிகவும் பிடித்தமானது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ‘பேருந்து ஆமை வேகத்தில் திரும்பியபோது’ என்று எழுதிக் கொடுத்தான். மூன்று பேர் இறந்த விபத்து அது. ஆமை வேகத்தில் போன பேருந்து எப்படி மூன்று பேரைக் கொல்லும் என்று அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. மல்லாந்த ஆமையைப் போல வண்டி தலைகீழாகக் கவிழ்ந்தது என்பதுதான் செய்தி.

சில தொடர்கள் சீமைக்குச் சீமை மாறும். ‘டேபிள்’ செய்வது என்றால் நம் நாடாளுமன்றத்தில் அவையின் முன் வைப்பது. பிரிட்டனிலும் அப்படியே. அமெரிக்காவில் நேர் எதிர்: விவாதத்தை ஒத்திப்போடுவது, பல சமயம் அதற்கு முடிவு கட்டுவது. இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஒரு சொல்லால் இரு நாட்டு அதிகாரிகளுக்கும் நீண்ட வாக்குவாதம் நடந்ததைச் சர்ச்சில் தன் போர் நினைவு நூலில் குறிப்பிட்டிருக்கிறார். இரு தரப்பும் ஒரே காரியத்தைத்தான் விரும்பின. வாஷிங்டனிலிருந்து வரும் செய்தியில் இச்சொல்லைக் கண்டு ‘மசோதா தாக்கல்’ என்று தலைப்பிட்டால், ஓரங்கட்டப்பட்ட மசோதா தமிழில் உயிர்த்தெழுந்துவிடும்.

பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் குழப்பம் இன்னும் விலை உயர்ந்தது. புகையிட்டு, உப்பிட்டுச் சிவந்துபோன ஹெர்ரிங் மீன்தான் ‘ரெட் ஹெர்ரிங்’. அதன் நாற்றத்தால் வேட்டை நாய்களைத் திசைதிருப்பிய கதையை வில்லியம் காபெட் என்ற பத்திரிகையாளர் 1807இல் எழுதினார். கவனத்தைத் திருப்பும் தந்திரம் என்ற பொருள் பரவ அது ஒரு காரணம். ஆனால் பங்கு வெளியீட்டில் வரும் ‘ரெட் ஹெர்ரிங் பிராஸ்பெக்டஸ்’ தந்திரம் அல்ல. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 32ஆம் பிரிவில் அனுமதித்துள்ள ஆவணம் அது. பங்கின் விலையோ, எத்தனை பங்குகள் என்பதோ அதில் முழுமையாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் அதன் முகப்பில் சிவப்பு மையில் எச்சரிக்கை அச்சிடும் வழக்கத்தால் பெயர் ஒட்டிக்கொண்டது. 2022இல் எல்.ஐ.சி. பங்கு வெளியீடு வந்தபோது பாலிசிதாரர்கள் பலர் இப்பெயரை முதன்முறையாகக் கேள்விப்பட்டார்கள். பெயரைப் பார்த்து மோசடி என்று மிரளவும் வேண்டாம், இறுதி ஆவணம் என்று நம்பிவிடவும் வேண்டாம்.

பழமொழிகள் வேறு வகைச் சிக்கல். உருளும் கல்லில் பாசி படியாது என்பது ஓரிடத்தில் நிலைக்காதவன் உருப்படமாட்டான் என்ற பழைய கண்டிப்பு. இன்று பலர் அதையே ஓடிக்கொண்டிருப்பவன் துருப்பிடிக்க மாட்டான் என்ற பாராட்டாகச் சொல்கிறார்கள். பாசி நல்லதா கெட்டதா என்பதைப் பொறுத்தது எல்லாம். உங்கள் மேலதிகாரி உங்களை உருளும் கல் என்று எழுதினால், அவர் வயதை விசாரித்துவிட்டுச் சந்தோஷப்படுங்கள்.

‘விதிவிலக்கு விதியை நிரூபிக்கிறது’ என்பதும் அப்படித்தான். விலக்கு இருந்தால் விதி உடையத்தானே வேண்டும்? லத்தீன் சட்ட மொழியில் இருந்து வந்தது இது. ‘ஞாயிற்றுக்கிழமை இங்கே வண்டி நிறுத்தலாம்’ என்று ஒரு பலகை இருந்தால், மற்ற நாட்களில் நிறுத்தக் கூடாது என்பது சொல்லாமலே விளங்குகிறது. விலக்கைச் சொன்னதால் விதி இருப்பது உறுதியாகிறது. அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் தமிழாக்க முடியுமா? பலவற்றுக்கு நம்மிடமே சரக்கு இருக்கிறது. நியூகாசில் நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போன ஆங்கிலேயத் துறைமுகம். அங்கே நிலக்கரி கொண்டுபோவது நம் ஊரில் கொல்லன் தெருவில் ஊசி விற்பது. தண்ணீரைவிட ரத்தம் கெட்டியானது என்று எழுதுவதைவிடத் தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது எவ்வளவோ மேல். பழையனூர் நீலி அழுத மண்ணில் நீலிக் கண்ணீர் இருக்க, முதலைக் கண்ணீரை இறக்குமதி செய்தோம். இரண்டுமே இப்போது செல்லுபடியாகின்றன.

வெள்ளை யானைதான் இடிக்கிறது. சயாமில் அது புனிதமானது, வேலை வாங்கக் கூடாது. வேண்டாத பிரபுவை ஓட்டாண்டியாக்க மன்னர் அதைப் பரிசளிப்பார் என்பது கதை. நமக்கு வெள்ளை யானை என்றால் இந்திரனின் ஐராவதம். ‘அந்தத் திட்டம் ஒரு வெள்ளை யானை’ என்று எழுதினால் ஆங்கிலம் அறியாத கிராமத்து வாசகர் திட்டத்தைக் கும்பிடுவார். யானையைக் கட்டித் தீனி போடும் கதை என்றால் உடனே புரிந்துகொள்வார்.

இத்தனை வருட அனுபவத்தில் எனக்குத் தெரிந்த வழிகள் சொற்பம். சொற்கள் எளிதாக இருந்தும் வாக்கியம் அந்த இடத்தில் ஒட்டவில்லை என்றால் அங்கே மரபுத்தொடர் ஒளிந்திருக்கிறது. சொன்னவர் எந்த நாட்டுக்காரர், புகழ்கிறாரா, குறை சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். உயிரும் பணமும் வழக்கும் சம்பந்தப்பட்டதென்றால் ஊகிக்கக் கூடாது. கேட்டுவிட வேண்டும்.

அன்று டாக்டர் என்னிடமிருந்து பத்தடி தூரம்கூடப் போகவில்லை. பின்னாலேயே ஓடி, ‘அப்படியென்றால் என்ன சார்?’ என்று கேட்டிருக்கலாம். தமிழ் எம்.ஏ.வுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்துவிடுவாரோ என்று கூச்சப்பட்டேன். தம்பிக்கு இப்போது நாற்பது வயதாகிறது. இன்றுவரை அதைப் பற்றி அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சித்தியும்தான்.