ஈடாகாத காடு

கிரேட் நிக்கோபாரில் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் அமைக்க வேண்டும் என்போரின் வாதம் இது: ஏறத்தாழ 910 சதுர கிலோமீட்டர் தீவில் 130.75 சதுர கிலோமீட்டர் காடே எடுக்கப்படுகிறது, அதற்கு ஈடாக வேறிடத்தில் மரம் நடப்படும், ஆகவே நாட்டின் பாதுகாப்புக்காகவும் வணிகத்துக்காகவும் இவ்விழப்பை ஏற்கலாம்.

1. விழுக்காட்டுக் கணக்கு, தீவின் ஒவ்வொரு சதுர கிலோமீட்டரும் ஒன்றே எனக் கொள்கிறது. துறைமுகத்துக்குத் தேர்ந்த கலாத்தியா விரிகுடாவின் மணலில்தான், உலகின் மிகப் பெரிய கடலாமையான ஏழுவரி ஆமை முட்டையிடுகிறது. நிக்கோபார் தீவுகளுக்கு வெளியே எங்குமில்லாத மேகபோடு பறவை, அடைகாக்காமல், கரையோரத்தில் மணலையும் சருகையும் மேடாகக் குவித்து, அதன் வெப்பத்திலேயே குஞ்சு பொரிக்கச் செய்கிறது. மலைச்சரிவில் மிஞ்சும் காடு இவற்றுக்கு எதற்கு?

2. ஈடுசெய் காடு வளர்ப்பு, அதாவது வெட்டிய காட்டுக்கு மாற்றாக வேறு நிலத்தில் மரம் நடுதல், அரியானாவில் திட்டமிடப்பட்டது. வறண்ட சமவெளி, நிலநடுக்கோட்டை ஒட்டிய மழைக்காட்டுக்கு எவ்வாறு ஈடாகும்?

3. பாதுகாப்பு என்ற சொல் நிலத்தின் இயல்பை மாற்றாது. 2004 நிலநடுக்கத்தில் இத்தீவின் தென்முனை ஏறத்தாழ 4 மீட்டர் தாழ்ந்து, இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போயிற்று. அத்தகைய கரையில் பெருநகரை எழுப்புவது அங்கே குடியேறுவோரையே பலியிடத் துணிவதாகும்.

4. திட்டத்தை ஆதரிப்போரின் கணக்கில் மனிதரே இடம்பெறவில்லை. வேட்டையாடியும் உணவு சேகரித்தும் இக்காட்டில் வாழும் ஷோம்பென் மக்கள், 2011 கணக்கெடுப்பில் 229 பேர் மட்டுமே.