கண்ணாராய்ச்சிக்கு எந்தச் சர்வகலாசாலை?

பார்வை சாஸ்திரத்தில் டாக்டர் பட்டம் நாடும் நமது வாலிபர்கள் சர்வகலாசாலையின் கீர்த்தியை மட்டும் விசாரித்துப் புறப்படுவது விசனிக்கத்தக்கது. பெர்க்கிலி, ஸிட்னி, வாட்டர்லூ ஆகியவை பெரிய ஸ்தாபனங்களே, நாம் மறுக்கவில்லை. ஆனால் நாலைந்து வருஷம் ஒருவர் உழைக்கப்போவது கட்டிடத்தினிடமன்று, ஓர் ஆசிரியரிடம். அவர் ஆராய்வது கிட்டப்பார்வையையா, காண்டாக்ட் லென்ஸையா? அவரிடம் பயின்றோர் இன்று எங்கே? உபகாரச் சம்பளம் கடைசி வருஷம் வரை கிடைக்குமா? (பலர் இடறுவது இங்கேதான்.) பழைய மாணாக்கருக்கே எழுதிக் கேட்பது உத்தமம்.

கண்ணாடி ஒன்று கிடைத்தால் தெளியக்கூடிய மங்கற்பார்வையுடன் நம் நாட்டில் எண்ணற்றோர் உழலுகின்றனர். ஆராய்ச்சிக்குரிய விஷயம் இங்கேயே குவிந்து கிடக்கிறது. சென்னையில் 1985-லேயே எலீட் ஆப்டோமெட்ரி கலாசாலை தோன்றிற்று, ஹைதராபாத்தில் எல்.வி. பிரஸாத் கண் ஆஸ்பத்திரியிலும் ஆராய்ச்சி நடைபெறுகிறது. கடல் கடப்போர் இவ்விரு வாயில்களையும் தட்டிப் பார்த்தனரா என்றே நாம் கேட்கிறோம்.